ஆரம்ப சுகாதார நிலையம்: நல்ல டாக்டர் வந்தால் போதுமா?

மருந்தாளுநர்: ஊழியர்கள் வேலை செய்வதும் செய்யாததும் தலைமையைப் பொறுத்தது என்றே சொல்வேன். எங்கள் நிலையத்துக்கு மாறுதலில் வந்த டாக்டரம்மா, ஓ.பி. தொடங்கும் முன்பே நாற்காலியில் இருப்பார். யாருக்கும் மெமோ கொடுக்கவில்லை. அதே ஆட்கள், அதே சம்பளம், ஆனால் எல்லோரும் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

சிஸ்டர்: அவர் போன பிறகு?

மருந்தாளுநர்: பழைய கதைதான். அதனால்தான் தலைமை முக்கியம் என்கிறேன்.

சிஸ்டர்: அதே காரணத்துக்காகத்தான் நான் மறுக்கிறேன் சார். ஒருவர் மாறுதலில் போனதும் சரிந்துவிடுகிற ஏற்பாட்டை நம்பி எப்படி ஆஸ்பத்திரி நடத்துவது? நான் நிரந்தரச் செவிலியர். 2015-இல் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு அப்போது மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். என்னோடு அதே பிரசவ அறையில் நின்றவர்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் போய் ஊக்கம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பணி ஓய்வு பெற்றவர்: சிஸ்டர் சொல்வது நியாயம். ஒரே செவிலியர் இருந்த காலத்தில், இரவு வலியோடு வந்த பெண்ணை ஜி.எச்.சுக்குத்தான் அனுப்பினோம். மூன்று செவிலியர் போட்ட பிறகுதான் இரவுப் பிரசவம் இங்கேயே நடந்தது. எந்த டாக்டரின் பேச்சாலும் அது வரவில்லை.

மருந்தாளுநர்: மூன்று பேர் வேண்டும் என்று முடிவெடுத்ததும் தலைமைதானே ஐயா? மருந்து விஷயத்தையும் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். எங்களுக்கு எவ்வளவு தொகைக்கு மருந்து உண்டு என்பது பாஸ்புக்கிலேயே இருக்கும். மாவட்டக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை இல்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்பும்போது மனசு விட்டுப்போகும். கையில் மருந்து இருந்தால் வேலை செய்யத் தானாகவே தோன்றும்.

சிஸ்டர்: அதைத் தலைமை என்றால் ஒத்துக்கொள்கிறேன். அது கோட்டையில் இருக்கிற தலைமை. நிலையத்து டாக்டர் கையில் இருப்பது டியூட்டிப் பட்டியல் மட்டும்தான். பொங்கல் இரவு டியூட்டி எப்போதும் தொகுப்பூதியக்காரர் தலையில்தான் விழும். அதை எங்களுக்கும் பங்கு போட்ட ஒரு டாக்டர் இருந்தார். அவர் கேட்டால் கூடுதல் ஷிப்ட்டுக்கும் நாங்கள் நின்றோம். ஆனால் அவரால் ஒரு காலியிடத்தைக்கூட நிரப்ப முடியவில்லை.

மருந்தாளுநர்: பணி நிரந்தரத்தில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் முழுச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியரே பத்து மணிக்கு மேல் வருகிற நிலையங்கள் இருக்கின்றனவே, அங்கே குறை எது?