கொரோலாவுக்கு மலிவாய் வின்ரர் ரயர், ஒன்ராறியோ

கேள்வி: 2015 கொரோலா, ரயர் அளவு 205/55ஆர்16. நாலுக்கும் 700 டொலருக்குள் முடிக்கோணும். பாவிச்சது எடுக்கலாமோ? முன்னுக்கு ரெண்டு மட்டும் போதுமோ?

பதில் 1: ரெண்டு போடாதேங்கோ. முன்னுக்குப் பிடி இருக்கும், வளைவில பின்பக்கம் சறுக்கிச் சுத்திவிடும். உங்கட காருக்கு 195/65ஆர்15 சரிவரும். சுற்றளவு கிட்டத்தட்ட ஒண்டுதான், விலை குறைவு. 5x100 (அஞ்சு போல்ட், 100 மி.மீ. வட்டத்தில) இரும்பு றிம்மோட பாவிச்ச செற் தேடுங்கோ. பிறகு வருசத்தில ரெண்டு தரம் றிம்மில ரயர் கழட்டி மாட்டுற கூலி மிச்சம்.

பதில் 2: பாவிச்சது எண்டால் பக்கச்சுவரில டி.ஓ.ரி. (DOT) எண்டு தொடங்கிற எண்ணின்ர கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 3521 எண்டால் 2021இன் 35ஆம் கிழமை செய்தது. ஆறு வருசம் தாண்டினால் வேண்டாம், றப்பர் இறுகியிருக்கும். தவாளிப்பு ஆழம் 5 மி.மீ.க்குக் குறைஞ்சாலும் விடுங்கோ, சட்டத்துக்கு 1.5 காணும், பனிக்குக் காணாது. மலைக்குள்ள பனிப்பூ அடையாளம் இருக்கோணும், வெறும் எம்+எஸ் (M+S, சேறு-பனி) எழுத்து பத்தாது. உள்பக்கம் ஒட்டுப்போட்டிருக்கோ எண்டு கையால தடவுங்கோ.

பதில் 3: முதல் பனி விழுந்தால் கடையில இடம் கிடையாது, ஒக்ரோபரிலயே எடுங்கோ. சில்லு நட்டுகளை 76 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கோ. 100 கிலோமீற்றர் ஓடினபிறகு திரும்ப இறுக்கிப் பாருங்கோ. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லுங்கோ. 2016இலயிருந்து வின்ரர் ரயருக்குக் கட்டணத்தில கழிவு தரோணும், கேக்காட்டில் தாறது குறைவு.