மறு: பருந்து ஏறும் காற்றுக்கு ஒரு சொல் (வியாழனுக்குள் வேண்டும்)

ரந்தாவ் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை 32 பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் கடல்முனைக்குப் போகிறோம். சுமத்ராவில் இருந்துவிட்டு வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையைத் தாண்டும் மார்ச் மாதம் இது. பிள்ளைகள் கையில் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். வியாழன் காலை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நீரிணை அங்கே ஏறக்குறைய 38 கிலோமீட்டர். கடல்மேல் சூடான காற்று சரியாக எழும்பாது. அதனால் பருந்து வழி நெடுக இறக்கையை அடித்தே வர வேண்டும். கலங்கரை விளக்கத்தருகில் நின்றால் சில நம் கண்மட்டத்துக்கும் கீழே, களைத்துப்போய் வருவது தெரியும். கரை சேர்ந்ததும் காட்டின்மேல் எழும்பும் காற்றுக்குள் புகுந்து, இறக்கையை விரித்தபடி சுற்றிச் சுற்றி ஏறிப் புள்ளியாகிவிடும். அந்தக் காற்றைத்தான் தெர்மல் என்கிறார்கள். 'வெப்பச்சலனம்' என்று சொல்லிவிடாதீர்கள். பானையில் தண்ணீர் கொதிப்பதும் வெப்பச்சலனம்தான். எனக்கு வேண்டியது பருந்து ஏறுகிற அந்த ஒரு காற்றுக்குப் பெயர்.

ஈப்போ ஐயா எழுதியது:

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. கால் என்றால் காற்று. எழுகின்ற கால், எழுகால். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். இன்னொன்றும் கவனியுங்கள். குறுந்தொகையில் 'எழால்' என்று ஒரு வேட்டைப் பறவை வருகிறது. எழு என்ற வேரிலிருந்தே அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். காற்றில் எழுவது எழால், அதை எழுப்புவது எழுகால். யாழின் இசைக்கும் எழால் என்று பெயர் உண்டு. நரம்பிலிருந்து எழுவதால் அது இசை, நிலத்திலிருந்து எழுவதால் இது பறவை. இதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கிள்ளான் தம்பி எழுதியது:

ஐயா, தனி மடல் வரட்டும், காத்திருக்கிறோம். ஆனால் ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் 'பருந்து எழுகாலில் ஏறுகிறது' என்றால் ஏழு கால் என்றுதான் கேட்கும். எழுபது, எழுநூறு என்று நாமேதானே சொல்லிக் கொடுக்கிறோம்? சிலந்தியைவிட ஒரு கால் குறைவான பிராணி ஒன்றைத் தஞ்சோங் துவானில் தேடிக்கொண்டிருப்பார்கள். சூடான காற்று தூண்போல நேரே எழும்புகிறதே, என் ஓட்டு 'வெப்பத்தூண்' என்ற சொல்லுக்கு.

ஈப்போ ஐயா எழுதியது:

பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லையே கொடுப்பதென்றால் கலைச்சொல் எதற்கு? கால் என்றால் காற்று என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொள்ளட்டுமே. தவிர, தூண் நிற்பது. இந்தக் காற்று நிற்கிறதா? தூணில் பருந்து ஏறுமா, பல்லி ஏறும்.

மதுரை நண்பர் எழுதியது:

பல்லி நல்ல வாதம். தூண் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில நேரம் சூடான காற்று தரையை விட்டுக் கழன்று, குமிழியாகத் தனியே மேலே போகும். குமிழி ஏறிப் போன பிறகு கீழே வருகிற பருந்துக்குத் தூண் கிடையாது. 'வெப்பக்குமிழ்' எப்படி?

இடையே ஒரு சந்தேகம். கையேட்டின் முன்வரைவில் 'செம்பனை' என்று இருக்கிறதே, அது என்ன மரம்?

சிலியாவ் அண்ணன் எழுதியது:

உங்கள் ஊர் எண்ணெய்ப்பனைதான் எங்கள் செம்பனை. பழக்குலையைப் பார்த்தால் ஏன் செம்பனை என்று கேட்கமாட்டீர்கள். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று நாங்கள் கேட்டதுமில்லை. வாயில் ஏறியது, நின்றுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் லயத்து வீட்டில் வளர்ந்தவன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது பால் வடிய மரப்பட்டையைச் சீவுவார். பதினொரு மணி வாக்கில் பால் வாளியோடு வரும்போது, செம்மண் ரோட்டுக்கு மேலே பருந்து வட்டம் போடும். மரத்தடியில் நிழல், சில்லென்று இருக்கும். ரோடு மட்டும் காலைச் சுடும். காய்ந்த இலை ஒன்று யாரும் தொடாமலே கிளம்பி ஆளுயரத்துக்குச் சுற்றிவிட்டு விழும். அம்மா அண்ணாந்து பார்த்து, 'பருந்து சூடு புடிச்சிருச்சு, ஏறுது' என்பார். இறக்கை அசையாது. நான் அசையுமா அசையுமா என்று பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

வெப்பம் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டேன். அம்மா சொன்ன 'ஏறுது'வை விடாமல் 'ஏறுகாற்று' என்று போடுங்கள்.

கிள்ளான் தம்பி எழுதியது:

ஏறுகாற்று! தூணை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மலையில் மோதி மேலே போகிற காற்றும் ஏறுகிற காற்றுதானே? அதில் சூடு காரணமில்லை. பருந்து அதையும் பயன்படுத்தும்.

மதுரை நண்பர் எழுதியது:

அதற்கு மலையேறுகாற்று, இதற்கு வெப்ப ஏறுகாற்று என்று பிரிக்கலாம். பிறகு குமிழுக்கு...

ரந்தாவ் ஆசிரியை எழுதியது:

புதன் இரவு மணி 11. குமிழை அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம். 'ஏறுகாற்று' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'தெர்மல்' என்று ஒரு முறை எழுதிவிட்டேன். எழுகாலுக்குக் கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஐயா. 'கொன்றுண்ணிப் பறவைகள்' என்றிருந்த தலைப்பை 'வேட்டைப் பறவைகள்' என்று மாற்றிவிட்டேன். பெற்றோர் இருவர் பயந்துபோய்த் தொலைபேசியில் கேட்டார்கள்.

ரந்தாவ் ஆசிரியை எழுதியது:

போய் வந்தோம். பஸ்ஸிலேயே பசியாறிவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் மேலே ஏறிவிட்டோம். ஒன்றுமே இல்லை. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்திவருகிறது என்று சொல்லிச் சொல்லிச் சமாளித்தேன். வெயில் ஏறிய பிறகுதான் முதல் தேன்பருந்து வந்தது, அலையை ஒட்டி, இறக்கையை அடித்து அடித்து. கரைக்கு வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடிப்பது நின்றது. பின்னாலேயே வந்த ஆறேழும் அதே இடத்தில் வந்து சாய்ந்தன.

ஒரு பையன் கத்தினான்: 'டீச்சர், லிஃப்ட் புடிச்சிருச்சு!' அதற்குப் பிறகு 32 பேரும் லிஃப்ட் என்றுதான் சொன்னார்கள். திரும்பும் வழியில் ஒருத்தி மட்டும் 'ஏறுகாத்து' என்றாள். கையேடு அவள் மடியில் இருந்தது.

மதுரை நண்பர் எழுதியது:

லிஃப்டுக்கு 'மின்தூக்கி' என்ற சொல் இருக்கிறது. 'காற்றுத்தூக்கி' என்றால்?

கிள்ளான் தம்பி எழுதியது:

வேண்டாம் அண்ணே. மூன்று பேர் ஏறுகாற்றுக்கு, ஒருவர் எதிர்ப்பு. இழையை இத்துடன் முடிக்கலாமா?

ஈப்போ ஐயா எழுதியது:

கையேடு தபாலில் வந்தது, நன்றி அம்மா. படங்கள் அருமை. ஆறாம் பக்கத்தில் 'ஏறுக்காற்று' என்று அச்சாகியிருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எழுகாலில் இந்தத் தொல்லை இருந்திருக்காது என்று சொல்ல வந்தேன், அதுவும் வினைத்தொகைதான், அங்கும் ஒரு க் போட்டிருப்பார்கள். இருந்தாலும் என் கட்டுரைகளில் எழுகால் என்றே எழுதுவேன்.