எண்பதுகளோட குத்துச்சண்டை சாம்பியன் ஹாக்லரும் 2010கள்ல கலக்கின கோலோவ்கினும் மோதியிருந்தா? (ரோல்டான் பஞ்சாயத்து உள்ளே)

குன்னூர்_சவுத்பா: "ரோல்டான்கிட்டயே விழுந்தவர்தானே ஹாக்லர், கோலோவ்கின் ஆறு ரவுண்டுல படுக்க வச்சிடுவாரு"ன்னு நேத்து ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்காரு. 1984 மார்ச், ஹாக்லர் – ரோல்டான் சண்டை, முதல் ரவுண்டு. போட்டுப் பாருங்க சார். ரோல்டானோட கை பின்கழுத்துல மாட்டி இழுக்குது, குனிஞ்ச வாக்குல ஹாக்லர் கீழ போறாரு. ரெஃப்ரி எண்ணிட்டாரு. 67 சண்டையில கணக்குல இருக்கறது அந்த ஒண்ணுதான். அதே ரோல்டானை பத்தாவது ரவுண்டுல முடிச்சது யாரு?

கோத்தகிரி_ஜிஜிஜி: எண்ணினா நாக்டவுன். ரூல் அவ்வளவுதான். கோலோவ்கின் 45 சண்டையில ஒரு தடவைகூட விழல. அப்புறம், ஹாக்லர் மாதிரி சவுத்பாவா, அதாவது வலது கையும் காலும் முன்னாடி வச்சு நின்னா வலது விலா முன்னாடி வரும், கல்லீரல் அங்கதான் இருக்கு. பக்கவாட்டுல வளைச்சு விடுற இடது ஹுக்குக்கு வாட்டமான இடம். 2013ல கோலோவ்கின்கிட்ட மாக்லின் மூணாவது ரவுண்டுல சுருண்டது மறந்துபோச்சா?

குன்னூர்_சவுத்பா: மாக்லின் ஆர்த்தடாக்ஸ், இடது கையை முன்னாடி வச்சு நிக்கறவரு தம்பி. ஹாக்லர் சவுத்பாவா நின்னா வலது முழங்கை அந்த விலாவை ஒட்டியே இருக்கும். அதைச் சுத்தி உடம்புக்குப் போட இடது கையை இறக்கினா, மேல வலது ஹுக் தாடையில வந்து விழும். கோலோவ்கின் எதையும் முன்கையால நேரா விடுற ஜாப் போட்டுத்தான் ஆரம்பிப்பாரு. சவுத்பாவோட முன்கை அந்த வழியிலயே நிக்கும். கை நீளம் ஹாக்லருக்கு 75 அங்குலம், கோலோவ்கினுக்கு 70. இதுக்கு என்ன பதில்? ரோல்டான் விஷயமும் பாக்கி இருக்கு.

கோத்தகிரி_ஜிஜிஜி: வில்லி மன்றோ ஜூனியர் சவுத்பாதான். 2015ல கோலோவ்கின்கிட்ட ஆறாவது ரவுண்டு. கதை முடிஞ்சுது.

குன்னூர்_சவுத்பா: மன்றோ கையில குத்து இருந்தா நம்மளும் பேசலாம்.

ஊட்டி_2240: சண்டையை இங்க ஊட்டியில வையுங்க, 2240 மீட்டர் உயரம். கோலோவ்கின் கேம்ப் போட்டது கலிஃபோர்னியா பிக் பேர் மலையில, ரெண்டாயிரம் மீட்டர் உயரம். ஹாக்லர் கேம்ப் போட்டது அமெரிக்காவுல பிராவின்ஸ்டவுன் கடற்கரையில. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே வந்து தங்கி உடம்பைப் பழக்கலைன்னா, ரவுண்டுக்கு நடுவுல கிடைக்கிற ஒரு நிமிஷத்துல மூச்சு திரும்பாது. 1985ல ஹியர்ன்ஸ்கிட்ட ஹாக்லர் ஆடின அதிரடி ஆட்டம் இங்க செல்லாது.

கொடை_ரிங்சைட்: ஏன், கொடைக்கானல் மலை இல்லையா?

ஊட்டி_2240: நூறு மீட்டர் கம்மி. லேக்கைச் சுத்தி சைக்கிள் ஓட்டலாம், போங்க.

கோத்தகிரி_ஜிஜிஜி: அந்த ஹியர்ன்ஸுக்கு முதல் ரவுண்டுலயே வலது கை முறிஞ்சுபோச்சு. போன மாசமும் சொன்னேன், குன்னூர் அண்ணன் காதுல போட்டுக்கல.

குன்னூர்_சவுத்பா: முறிஞ்சது ஹாக்லர் மண்டையில அடிச்சுத்தானே! 25 சண்டை, 25 நாக்அவுட்டுன்னு வந்த முகாபியும் அந்த மண்டையில அடிச்சு அடிச்சே களைச்சுப்போயி 11வது ரவுண்டுல உட்கார்ந்தாரு. எனக்குப் பயம் ஒண்ணுதான்: 1987ல லெனார்டுகிட்ட தோத்தப்போ செஞ்ச மாதிரி ஹாக்லர் ஆர்த்தடாக்ஸா ஆரம்பிச்சு முதல் ரவுண்டுகளைத் தூக்கிக் குடுத்துடக் கூடாது. சவுத்பாவாவே நின்னா எட்டாவது ரவுண்டுக்கு மேல கோலோவ்கின் பின்னாடி நடக்கணும். அவருக்கு அது வராது. முன்னாடி வந்தே பழகின ஆளு. ஜேக்கப்ஸ் நகர்ந்து நகர்ந்து ஆடி, கோலோவ்கினோட 23 நாக்அவுட் வரிசையை 2017ல நிறுத்தினதும் நடந்துச்சா இல்லையா?

கோத்தகிரி_ஜிஜிஜி: அந்தச் சண்டையிலயும் ஜெயிச்சது யாரு? நாலாவது ரவுண்டுல ஜேக்கப்ஸ் விழுந்ததுக்கும் "வழுக்கிட்டாரு"ன்னு சொல்வீங்களோ? 2017ல கோலோவ்கின் – கானெலோ சண்டையில கானெலோவுக்கு 118–110 போட்ட அந்த ஜட்ஜ் அம்மா பக்கத்துல உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்றேன்.

குன்னூர்_சவுத்பா: நாற்காலி இருக்கட்டும். ரோல்டான் கை எங்க இருந்துச்சு? அதுக்குப் பதில் வரல.

கொடை_ரிங்சைட்: நூறு மீட்டருக்கு இவ்வளவு திமிரா சார்?