ஹெல்மெட் வார்ப்பு: நான் பார்த்தவை, கேட்டவை, கையில் பட்டவை

நாடகத்துக்கும் வேஷத்துக்கும் போடுகிற ஹெல்மெட்டைச் செய்வது பற்றியது இது: உரு செதுக்கி, அதன் மேல் சிலிக்கான் ரப்பர் பூசி மோல்டு, அதாவது அச்சு எடுத்து, அதற்குள் ரெசின் ஊற்றி வார்ப்பது. சிலிக்கான் செட் ஆகவில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, எந்தக் களிமண்ணில் உரு செய்தீர்கள் என்றுதான். ஒரு நண்பர் இப்படித்தான் ராத்திரி நேரத்தில் கூப்பிட்டார். நாடகத்துக்கான படைவீரன் ஹெல்மெட், தெர்மாகோல் தலை மேல் எண்ணெய்க் களிமண் அப்பி, வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியது. பிளாட்டினம் வகைச் சிலிக்கானை, அதாவது பிளாட்டினம் உள்ள மருந்தால் செட் ஆகிற ரகத்தைப் பூசியிருக்கிறார். வெளிப்பக்கம் நன்றாக ரப்பராகிவிட்டது, உள்ளே களிமண்ணைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. அளவு தப்பா, கலக்கியது தப்பா என்று மனுஷர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் இல்லை. அவருடைய களிமண்ணில் கந்தகம் இருந்தது. கந்தகம் பட்டால் பிளாட்டினம் வேலை செய்யாது, அந்த இடத்தில் சிலிக்கான் எத்தனை நாள் காத்திருந்தாலும் அப்படியேதான் கிடக்கும். லேட்டக்ஸ் கையுறை போட்டு உருவைத் தடவினாலும் இதே கதை, அதனால் நைட்ரைல் அல்லது வினைல் கையுறை. திரவ ரெசினில் 3டி பிரின்ட் எடுத்த உருவைச் சரியாகக் கழுவாமல், புற ஊதா வெளிச்சத்தில் முழுசாகக் காய வைக்காமல் பூசினாலும் இதே கதைதான்.

வெள்ளீயம் உள்ள மருந்தால் செட் ஆகிற டின் வகைச் சிலிக்கானுக்கு இந்த முரண்டு கிடையாது, பெரும்பாலும் எதன் மேலும் செட் ஆகும். ஆனால் அது நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கும், சில வருடங்களில் மோல்டு வலுவிழந்து ஓரங்களில் கிழிய ஆரம்பிக்கும். நாலைந்து ஹெல்மெட் வார்க்கத்தான் மோல்டு என்றால் டின் போதும், வருடக்கணக்கில் வார்க்கப் போகிறீர்கள் என்றால் பிளாட்டினம், கந்தகம் இல்லாத களிமண். எதுவானாலும் உருவின் பின்பக்கத்தில் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து ஒரு காசு அளவுக்குச் சிலிக்கானைத் தடவி, மறுநாள் பார்த்துவிட்டு மேலே போங்கள். நண்பர் பிசுபிசுப்பை முழுக்கத் துடைத்தெடுத்து, தேய்ந்துபோன இடங்களை மறுபடி செதுக்கி, டின் வகையில் மோல்டு எடுத்தார். நாடகத்துக்கு வந்துவிட்டது.

உருவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது அவரவர் கைவாகு. ஒன்று மட்டும். சிலிக்கான் எதையும் விட்டுவைக்காது. கைரேகை, பிரின்டின் படிக்கட்டுக் கோடு, பட்டியில் விழுந்த குண்டூசித் துளை எல்லாம் மோல்டில் ஏறி, ஒவ்வொரு வார்ப்பிலும் வரும். பிரின்ட் மாதிரிக் கெட்டியான உரு என்றால் 180 உப்புத்தாளில் ஆரம்பித்து 320, 600 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, நடுநடுவே பிரைமர் அடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் குறுக்கே சாய்த்துப் பாருங்கள். அப்புறம் அளவு. தலைச் சுற்றளவு 57 செ.மீ. என்றால் அதோடு பஞ்சுக்கும் வார்ப்பின் கனத்துக்கும் இடம் விட வேண்டும். முழுத்தலையை மூடும் ஹெல்மெட் என்றால் கழுத்துத் திறப்புத்தான் முதல் சிக்கல், மூக்கும் காதும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அட்டையில் அந்த வளையத்தை மட்டும் வெட்டித் தலையில் மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மோல்டு எடுக்கும்போது முதல் கோட் மெல்லியதாக, வழியாமல் நிற்பதற்காகக் கெட்டிப்படுத்தும் மருந்து எதுவும் சேர்க்காமல் போக வேண்டும் (செட் ஆக வைக்கும் மருந்து வேறு, அது எப்போதும் வேண்டும்). பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பள்ளங்களுக்குள் தள்ளுங்கள், குமிழி இருந்தால் வாயால் ஊதினாலே உடையும். விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில் அடுத்த கோட், அதிலிருந்து கெட்டிப்படுத்திய சிலிக்கான். எனக்கு மிகவும் உதவிய ஒரு வழக்கம், ஒன்றுவிட்டு ஒரு கோட்டுக்குத் துளி நிறம் சேர்ப்பது. கீழே இருக்கும் நிறம் எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கே மெலிசு, அவ்வளவுதான். மூக்கு நுனி, நெற்றி விளிம்பு, காதுப் பக்கத்து மேடு, இந்த இடங்களிலிருந்துதான் சிலிக்கான் வழிந்து கீழே இறங்கிவிடும்.

மெத்தென்ற சிலிக்கான் சாயாமல் பிடித்துக்கொள்ள இதன் மேல் வருகிற கெட்டி ஓடு, அதாவது ஜாக்கெட், ரொம்பப் பேர் அவசரப்படுகிற இடம். ஒரு தடவை அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து செய்த மோல்டைப் பார்க்கப் போயிருந்தேன். விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டதால் பிளாஸ்டர் பேண்டேஜ் ஈரமாக இருக்கும்போதே கழற்றி, வார்ப்பும் எடுத்துவிட்டார்கள். தொட்டுப் பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்ததாம். ஆனால் ஈரப் பிளாஸ்டர் எடை தாங்காமல் ஒரு பக்கம் அகன்றுவிட்டது, உள்ளே இருந்த சிலிக்கானும் அதோடு சாய்ந்தது. வந்த ஹெல்மெட்டில் இடது கண் வலது கண்ணைவிட ஒரு விரல் கீழே. தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிலிக்கான் மோல்டு நன்றாகவே இருந்ததால், அதை உருவின் மேல் திரும்ப மாட்டிப் புது ஜாக்கெட் மட்டும் போட்டோம். இந்தத் தடவை பைபர் கிளாஸ், இரண்டு பாதி, நடுவில் விரல் அகலத்துக்கு விளிம்பு, விளிம்பில் ஓட்டை போட்டு நட்டு போல்ட். இரண்டாம் பாதியைப் போடுவதற்கு முன்னால் முதல் பாதியின் விளிம்பில் மெழுகோ வாஸ்லினோ தடவியே ஆக வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். சிலிக்கானை இரண்டு பாதியாக எடுத்தாலும் இதே விதிதான், சிலிக்கான் பெரும்பாலும் வேறு எதிலும் ஒட்டாது, சிலிக்கானில் கெட்டியாக ஒட்டும்.

வார்ப்பு எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். பாலியூரித்தேன் ரெசின் என்பது இரண்டு திரவம் கலந்ததும் பிளாஸ்டிக்காக இறுகுவது. சமபாகம் கலக்கிற ரகத்தில் இரண்டு பாட்டிலையும் சமமாக அளந்து, தம்ளரின் ஓரம், அடி எல்லாம் வழித்துக் கலக்கி ஊற்றினால், வேகமான ரகத்தில் கையில் மூன்று நிமிடம்தான் இருக்கும். மோல்டை இரண்டு கையாலும் தூக்கி மெதுவாகச் சுற்ற வேண்டும். முதலில் உள்ளே களக் களக் என்று ஓடும், கொஞ்ச நேரத்தில் சத்தம் கனத்து இழுபடும், அப்புறம் சத்தமே இருக்காது, அதே சமயத்தில் மோல்டு உள்ளங்கையில் சுட ஆரம்பிக்கும். அந்தச் சூடு தணிவதற்குள் அடுத்த கோட்டைக் கலக்கி ஊற்றிவிட்டால் இரண்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், நன்றாக ஆறவிட்டு மறுநாள் ஊற்றினால் தனித்தனி ஏடாக நின்று, கீழே விழும்போது பிரியும். மூன்று நான்கு கோட்டில் 3 முதல் 4 மி.மீ. கனம் வரும். கழுத்து ஓரத்துக்கு மட்டும் தனியாகக் கடைசியில் பிரஷ்ஷால் ஒரு கோட், உடைகிற இடம் அதுதான். ஒரேயடியாக மொத்தமாக ஊற்றினால் ரெசின் அதிகமாகச் சூடாகிக் கோணிக்கொள்ளும். மழை நாளில் வார்ப்பதைத் தள்ளிப்போடுவேன், திறந்து வைத்த பாட்டில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டால் வார்ப்பு முழுக்க நுரை நுரையாக வரும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மேடைப் பொருட்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிற ஒரு அக்காவைப் பார்க்கப் போனபோது அவர் வாசலிலேயே நின்று பேசினார், உள்ளே வார்ப்பு நடந்துகொண்டிருந்தது. "நான் உள்ளே வர முடியாதுப்பா, மூடியத் திறந்தாலே நெஞ்சு அடைச்சுக்குது" என்றார். பல வருடம் மாஸ்க் இல்லாமல் வேலை பார்த்தவர். இந்த ரெசினின் ஒரு பாதியில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. உடம்பு ஒரு தடவை அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் அப்புறம் துளி ஆவி பட்டாலும் மூச்சிரைப்பு வரும், அது திரும்பச் சரியாவது அரிது. தன் சொந்தப் பட்டறைக்குள் கால் வைக்க முடியாமல் வாசலில் நின்று ஆட்களுக்கு வேலை சொல்கிறார். சாதாரணத் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பருக்கான, அதாவது ரசாயன ஆவியைப் பிடிக்கிற கார்ட்ரிட்ஜ் மாட்டிய ரெஸ்பிரேட்டர், கையுறை, காற்று வெளியே போகும்படி ஃபேன், இவை இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம், வீட்டில் குழந்தைகள் தூங்குகிற அறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வார்ப்பைத் தேய்க்கும்போது வருகிற தூசும் நுரையீரலுக்கு ஆகாது, அதனால்தான் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது.

பெயின்டுக்கு வருகிறேன். பழையதாகக் காட்டும் வேலையை எனக்குச் சொல்லித்தந்தவர் நாடகங்களுக்குக் கேடயம், கவசம் எல்லாம் செய்து பழகிய பெரியவர் ஒருவர். நான் அடித்து முடித்த ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதப் போட்டவன் சோத்துக்கையா, பீச்சாங்கையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பதில் சொல்லாமல் தன்னுடைய இரும்பு டூல் பாக்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். பச்சை நிறம். கைப்பிடியைச் சுற்றி மட்டும் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று இருந்தது, அதுவும் வலது பக்கம் அதிகம். மூலைகளில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு கறுத்திருந்தது. கொக்கி திரும்பத் திரும்ப உரசிய இடத்தில் வில் மாதிரி ஒரே ஒரு கீறல். திருகாணிக்குக் கீழே துரு ஒரு கோடாக இறங்கியிருந்தது, மேலே ஏறவில்லை. மூடியின் நடுப்பகுதி ஏறக்குறையப் புதுசு. "கை எங்க படும், எங்க எறக்கி வைப்பான், மழைத் தண்ணி எங்கேருந்து எங்க வழியும், இந்த மூணையும் யோசிச்சுட்டு அப்புறம் பிரஷ்ஷ எடு" என்றார்.

அன்றிலிருந்து நான் ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றிப் பார்த்து, விரல் படுகிற இடங்களில் பென்சிலால் குறித்துக்கொண்டுதான் பெயின்ட் ஆரம்பிக்கிறேன். கீழ் விளிம்பு, வலது கன்னம், தரையில் உட்காரும் பின்பக்கம், மோதக்கூடிய நெற்றி மேடு. முதலில் வெள்ளி நிறம், அதன் மேல் ஒரு கிளியர் கோட், அதாவது நிறமில்லாத வார்னிஷ். நன்றாகக் காய்ந்ததும் குறித்த இடங்களில் மட்டும் மாஸ்கிங் திரவத்தைக் கிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி, அதற்கு மேல் மெயின் நிறம். பெயின்ட் காய்ந்ததும் விரலால் உருட்டினால் திரவம் ரப்பர் துணுக்காக வந்துவிடும், கீழே வெள்ளி தெரியும், ஓரம் நிஜமாகவே உரிந்த மாதிரி மேடாக நிற்கும். பிரஷ்ஷால் வெள்ளியைத் தொட்டு வைத்தால் அந்த மேடு கிடைக்காது. அடுத்தது அழுக்கு. கறுப்பும் பழுப்பும் சேர்ந்த அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து முழுக்கப் பூசி, ஈரம் போவதற்குள் துணியால் மேலிருந்து கீழாகத் துடைப்பது. பள்ளத்தில் நிற்பது நிற்கட்டும். குறுக்கே துடைத்தீர்களானால் மழை பக்கவாட்டில் பெய்த மாதிரி ஆகிவிடும்.

எல்லா விளிம்பிலும் ஒரே அளவில் வெள்ளி தடவிய ஹெல்மெட்டுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அத்தனை உழைத்து வார்த்த ஒன்று கடைசி ஒரு மணி நேரத்தில் பொம்மையாகிவிடுகிறது. உழைத்த பொருளில் தேய்ந்த இடமும் இருக்கும், யாரும் தொடாத இடமும் இருக்கும், தொடாத இடத்தைத் தொடாமல் விடுவதற்குத்தான் எனக்கு நிறைய நாள் பிடித்தது. இன்னொன்று, மேட், அதாவது பளபளப்பில்லாத கிளியர் கோட் அடித்தால் உலோகப் பளபளப்பு செத்துவிடும். அதனால் கிளியரை முதலில் முடித்து, பென்சில் கரியின் பொடியை விரலில் தொட்டு விளிம்புகளில் தேய்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜ உலோகத் தோற்றமே வேண்டும் என்பவர்களுக்கு அலுமினியப் பொடி. மோல்டின் உட்புறத்தில் மெல்லிய பிரஷ்ஷால் பொடியைத் தடவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, பொடி கலந்த ரெசினை முதல் கோட்டாக ஊற்ற வேண்டும். வெளியே வரும்போது சாம்பல் பூத்துச் சவசவவென்றுதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். 0000 நம்பர் ஸ்டீல் உல்லால் தேய்க்கத் தேய்க்க வெளிச்சம் ஏறும். பொடியைக் கையாளும்போது மாஸ்க் கட்டாயம், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

மாட்டிக்கொள்கிறவரையும் பார்க்க வேண்டும். ஒரு விழாவில் முழு ஹெல்மெட் போட்ட ஒருவர் படி முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார், போஸ் கொடுக்கிறார் என்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். பக்கத்தில் போனால், "அண்ணா, கையப் பிடிங்க, எதுவும் தெரியல" என்று உள்ளிருந்து குரல். கண் முன்னால் இருக்கிற வைசர் தகடு முழுக்கப் பனி பிடித்திருந்தது. கழற்றியபோது முகம் வியர்த்து ஊற்றியது. நெற்றிப் பக்கம் 5 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்று, பவர் பேங்க்கில் ஓடும், தாடைக்குக் கீழே காற்று வெளியேறக் கறுப்பு வலை ஒட்டிய துளைகள், இது போதும், பெரிய வித்தியாசம் தெரியும்.

அதே இடத்தில் ஒரு பையன் என்னுடையதை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "செம கெட்டியா இருக்கேண்ணா, பைக்ல போட்டுக்கலாமா?" என்றான். கூடவே கூடாது என்று சொல்லி உட்கார வைத்து விளக்கினேன். பைக் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கிற கெட்டித் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், அதற்காகவே இருப்பது. நாம் வார்க்கிற ஓடு நசுங்காது, கூரான துண்டாக உடையும். பையன் கேட்டுக்கொண்டான், அவனோட அம்மாவும் கேட்டுக்கொண்டார்.

விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு. ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைச் சிப்பாய் ஹெல்மெட் வழக்கில், அது சிற்பம் ஆகாது, அதனால் சிற்பத்துக்கான பதிப்புரிமை அதற்குக் கிடையாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னது உண்மை. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டப்படி, அந்தப் பொருளுக்குச் சொன்னது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்கான வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். விற்பதாக இருந்தால் உங்கள் சொந்த உருவை வார்த்து விற்றுக்கொள்ளுங்கள்.

தகட்டைச் சூடாக்கி இழுத்து, இரண்டு திசையிலும் வளைந்த வைசரை வீட்டிலேயே செய்தவர்கள் யாராவது இருந்தால் எந்தத் தகடு, எத்தனை மி.மீ., எப்படிச் சூடாக்கினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். நான் இதுவரை தட்டையான தகட்டை ஒரு திசையில் மட்டும் வளைத்து மாட்டி வருகிறேன், அடுத்து செதுக்கியிருக்கும் உருவுக்கு அது பத்தாது.