தாய் ஆடு தெம்பா இருக்கு, குட்டிக்கு மட்டும் தாடை வீங்குது

கேள்வி: எங்கிட்ட 14 மேச்சேரி செம்மறி ஆடு, 9 குட்டி. ஐப்பசி மழைக்கப்புறம் மூணு மாசக் குட்டி ரெண்டுக்குத் தாடைக்கடியில பை மாதிரி தொங்குது. கழிச்சல் இல்ல. கீழ் இமையைப் புரட்டினா வெளுத்துக் கிடக்கு. அதே ஏரிக்கரையில மேயுற பெரிய ஆடுங்களுக்கு ஒண்ணுமில்ல. பூச்சி மருந்து போன மாசம்தான் ஊத்தினேன். என்னங்க காரணம்?

பதில் 1: ரத்தம் உறிஞ்சுற ஹீமாங்கஸ் புழுவாத்தான் இருக்கும். நாலாம் இரைப்பையில குடியிருக்கும். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. குடிக்கும், ஆயிரம் சேர்ந்தா 50 மி.லி. ரத்தப் புரதம் குறையவும் தாடையில நீர் இறங்குது. பெரிய ஆடு இந்தப் புழுவை மேஞ்சு மேஞ்சு பழகினது. குடல் சளியும் இயோசினோஃபில்ங்கிற வெள்ளை ரத்த அணுக்களும் எதிர்ப்புப் புரதமும் சேர்ந்து இளம்புழுவை நிலைக்க விடாது. குட்டிக்கு அந்த எதிர்ப்பு அஞ்சாறு மாசத்துக்கு மேலதான் மெல்ல வரும். வெள்ளாட்டுக்கு வளந்தாலும் அந்த அளவுக்கு வராது, அது தழை கடிச்சு வளந்த சாதி!

பதில் 2: தம்பி, தாயையும் நம்பாதீங்க. குட்டி போடுற சமயத்துலயும் பால் கொடுக்குற முதல் சில வாரமும் அதோட எதிர்ப்பு தளர்ந்துடும். ஒரு பெண் புழுவே நாளுக்கு 5000 முட்டைக்கு மேல போடும். குட்டி மேயுற புல்லுல புழுவை விதைக்கிறதே தாய்தான். நான் ஈனப்போற ஆட்டுக்குக் கடலைப்புண்ணாக்கு கூட்டி வைப்பேன். புரதம் இருந்தாத்தான் எதிர்ப்பு நிக்கும். வெளுத்த குட்டியை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. ஊத்தின மருந்துக்குப் புழு அசையலையோ என்னமோ, சாணத்துல முட்டை எண்ணச் சொல்லுங்க.

கேட்டவர்: சரிங்கக்கா. ரெண்டு குட்டியையும் வண்டியில ஏத்திட்டேன், தாயோட புழுக்கையும் பையில இருக்கு.