வலி மாத்திரையும் வேலைக்கு முந்தைய சிறுநீர்ச் சோதனையும்: அமெரிக்கா வந்துள்ள நர்ஸ்களுக்கு

கேள்வி: அக்காமார்களே, ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் போதைப்பொருள் சோதனை. முதுகுவலிக்கு இங்குள்ள டாக்டர் எழுதிக்கொடுத்த ஹைட்ரோகோடோனைச் சாப்பிட்டு வருகிறேன். நிறுத்திவிட்டுப் போகட்டுமா? பயத்தில் தூக்கமே வரவில்லை.

பதில்: சகோதரி, தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஹைட்ரோகோடோன் ஓபியாய்டு வகை, அதாவது அபின் சார்ந்த வலி மருந்து; பல வாரங்கள் சாப்பிட்ட அதைத் திடீரென விட்டால் உடல் படுத்தும் பாட்டை நோயாளிகளிடம் நாம் பார்த்திருக்கிறோம். உங்கள் பெயரில் முறையாக எழுதப்பட்ட மருந்து அது. ஒளிக்க வேண்டியதில்லை, யாரிடம் சொல்வது என்பதுதான் முக்கியம்.

முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், அதே மாதிரியை, எந்தப் பொருள் என்று துல்லியமாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் மறுபடி பார்ப்பார்கள். பிறகு முடிவு, பெரும்பாலான மருத்துவமனைகளில், மெடிக்கல் ரிவ்யூ ஆபீசர் எனப்படும் டாக்டரிடம் போகும். அவர் உங்களை அழைத்து விவரம் கேட்பார், மருந்துக் கடையில் சரிபார்ப்பார், எல்லாம் பொருந்தினால் நெகட்டிவ் என்றே வேலை தருபவருக்குத் தெரிவிப்பார். அறிக்கையில் ஹைட்ரோமார்ஃபோன் என்ற பெயரும் இருந்தால் திகைக்காதீர்கள். ஹைட்ரோகோடோனின் ஒரு பகுதியை உடலே அப்படி மாற்றுகிறது.

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். தெரியாத எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. புதிதாக வந்தவர்களைக் குறிவைக்கும் மோசடி அழைப்புகளைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்ததால் நான் எடுக்கவேயில்லை. அது அந்த டாக்டரின் அலுவலகம். நான்காவது நாள் வாய்ஸ்மெயிலைக் கேட்டபோது கை நடுங்கியது. நல்லவேளையாக அவகாசம் முடிந்திருக்கவில்லை. மருந்து பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினேன், அன்றைக்கே முடிந்தது. பதில் சொல்லாமலே விட்டிருந்தால் அது பாசிட்டிவ் என்றே பதிவாகியிருக்கலாம். அந்த வாரம் எந்த எண்ணிலிருந்து வந்தாலும் எடுங்கள்.

மாதிரி எடுக்கும் இடத்துக்குப் போகும் முன் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்காதீர்கள். சிறுநீரில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர்த்த மாதிரி என்று குறிப்பார்கள், மறுபடி வரச் சொல்லலாம். கோப்பையில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைப் பட்டை 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் காட்ட வேண்டும். அதை நான்கு நிமிடத்துக்குள் பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: மாதிரி எடுப்பவரிடம் மருந்துப் பட்டியலைச் சொல்ல வேண்டுமா? எச்.ஆரிடம்?

பதில்: மாதிரி எடுப்பவருக்கு அது தேவையில்லை. மறக்காமல் இருக்க சோதனைப் படிவத்தின் உங்கள் பிரதியின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்ளலாம். வேலை உறுதியாகும் முன் நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று வேலை தருபவர் கேட்க, 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. உறுதியான பின் மருத்துவக் கேள்விகள் வரலாம். அப்போது பொய் சொல்லாதீர்கள். பாசிட்டிவை விடப் பொய்தான் வேலைக்கும் லைசென்ஸுக்கும் கேடு.

இன்னொன்று, இது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. கணவரின் பெயரில் உள்ள மாத்திரையை ஒரே ஒரு நாள் என்று எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்கு எந்த டாக்டரிடமும் சொல்ல விளக்கம் கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த டிராமடால் என்ற வலி மாத்திரையும் அப்படியே: 2014 முதல் இங்கே அது நான்காம் அட்டவணையில் உள்ள கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வலி இருந்தால் இங்குள்ள டாக்டரைப் பார்த்து உங்கள் பெயரில் எழுதி வாங்குங்கள்.

சோதனையில் தேறுவது வேறு, மாத்திரையின் மயக்கத்தோடு இன்சுலின் அளவு பார்ப்பது வேறு. நோயாளி நம் கையை நம்பிப் படுத்திருக்கிறார். எந்த நேரத்தில் சாப்பிட்டால் ஷிஃப்டில் தெளிவாக இருப்பீர்கள் என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். பாதுகாப்பாக வேலை செய்ய முடியும் என்று அவரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூ ஆபீசர் பாதுகாப்பு குறித்துக் கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் தேடுவீர்கள்.