கஜா புயலின்போது எங்கள் ஊரை நடத்திய மகளிர் குழு அக்கா

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடத்தப்படாததால், தனி அலுவலர்களே ஊராட்சிகளைக் கவனித்து வந்தார்கள். ஒருவர் பொறுப்பில் பல ஊராட்சிகள். தென்னைகள் சாலையெங்கும் குறுக்கே விழுந்து, மின்கம்பங்கள் முறிந்து, செல்பேசியும் வேலை செய்யாத நிலையில் அவர் எந்த ஊருக்கென்று முதலில் ஓடுவார்? பேராவூரணிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரை எட்டிப் பார்க்க ஆளில்லாமல் போனதற்கு, தலைவரே இல்லாமல் ஊர்களை விட்டுவைத்த அந்த ஏற்பாட்டைத்தான் நான் இன்றும் குறை சொல்வேன்.

அந்த நேரத்தில் ஊரைக் கையில் எடுத்துக்கொண்டவர், மகளிர் சுய உதவிக் குழுவை நடத்தி வந்த ஓர் அக்கா. வசதி படைத்தவர்களும் கட்சிக்காரர்களும் இருக்க, மக்கள் ஏன் இவரிடம் போனார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சேமிப்புப் பணத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக் கணக்கு எழுதியவர் அவர். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர் என்பதெல்லாம் அவருக்குக் கேட்காமலே தெரியும்.

மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருந்த இளைஞர்களைக் கூப்பிட்டு, "தோப்பை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, முதல்ல ரோட்டுல கிடக்குறதை அறுங்க" என்றார். மின்சாரம் இல்லாமல் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வழியில்லை என்பதால், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்க வைத்தார். பணம் தர முடியாதவர்களின் பெயருக்கு நேரே சிறு கோடு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டார். தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் ஒன்றுபோலவே போனது.

நிவாரண லாரிகள் பெரிய சாலையோரத்திலேயே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிட, உள்ளடங்கிய ஊர்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை. கல்லூரி மாணவர்கள் இருவரை முக்கத்தில் நிறுத்தி, லாரிகளை உள்ளே அழைத்துவரச் செய்தவரும் அவர்தான். வந்த அரிசியையும் தார்ப்பாயையும் பள்ளிக்கூடத்தில் இறக்கி, குழு நோட்டில் பெயர் எழுதி, காலனித் தெருவிலிருந்து கொடுக்கத் தொடங்கினார். இதற்கு முணுமுணுத்தவர்கள் உண்டு. "அங்க ஒரு குடிசைகூட நிக்கல, நீங்களே போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்கண்ணே" என்று அவர் சொன்னபோது, போனவர்கள் திரும்பி வந்து மூட்டை தூக்கினார்கள். சாதி பார்க்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கே புரியும்.

பின்னர் சேதக் கணக்கெடுப்புக்கு வந்த ஊழியர்கள், அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போனார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் பலர் அவரை நிற்கச் சொன்னார்கள். செலவு செய்யத் தன்னால் ஆகாது என்று மறுத்துவிட்டார். இப்போதும் புயல் எச்சரிக்கை வந்தால், ஊராட்சியிலிருந்து முதல் அழைப்பு அவருக்குத்தான் போகிறது.